விதையிலிருந்து தாமரையும் அல்லியும்: மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு தொட்டித் தாமரை வளர்க்கலாம் என்று தேடத் தொடங்கினால் ஒன்றுக்கொன்று முரணான யோசனைகள்தான் வந்து குவியும். விதையைக் காயவை என்பார் ஒருவர், ஈரமாகவே வை என்பார் இன்னொருவர். ஓட்டை உடை என்பார்கள், தொடவே தொடாதே என்பார்கள். பாதி யோசனைகள் தாமரைக்குச் சொன்னவை, மீதி அல்லிக்குச் சொன்னவை. எது எதற்கு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. விதைக்கும் தொட்டிக்கும் காசு செலவழித்து, ஏன் முளைக்கவில்லை என்றே தெரியாமல் அலைந்த பிறகு ஒருவழியாகப் பிடிபட்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அவ்வளவு சுற்ற வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். நீர்ச்செடி ஒவ்வொன்றும் தண்ணீரில் பரவுவதற்குத் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. விதையை எப்போது எடுப்பது, எப்படிச் சேமிப்பது, எத்தனை ஆழத்தில் போடுவது, எதை வீட்டுக்கு வெளியே விடவே கூடாது என்பதெல்லாம் அந்த வழியைப் பொறுத்ததுதான்.

1. உங்கள் செடி எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள்

தாமரை விதைக்குத் தண்ணீர் புகாத கெட்டி ஓடு. பூவிதழ்கள் உதிர்ந்ததும் நடுவில் இருக்கும் பொகுட்டு பெருத்து, பழுப்பாகி, காய்ந்துவிடும். காம்பு வளைந்து, பொகுட்டு தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து மிதக்கும். அது மட்கும்போது விதைகள் கழன்று அடிச்சேற்றில் இறங்கும். அங்கே ஓடு தேய்ந்து தண்ணீர் உள்ளே போகும்வரை அப்படியே கிடக்கும். சீனாவின் வடகிழக்கில் ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து எடுத்த, ஏறக்குறைய 1300 ஆண்டு வயதான தாமரை விதையையே முளைக்க வைத்திருக்கிறார்கள். அதனால் கடையில் விற்கும் விதை பழசா என்று கவலைப்பட வேண்டாம். ஓடு முழுசாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரே குளத்துக்குள் பரவுவதற்குத் தாமரைச் செடி விதையை நம்புவதில்லை. சேற்றுக்குள் கொடிபோல ஓடும் தண்டு கணுவுக்குக் கணு இலையும் வேரும் விட்டுக்கொண்டே போகும். பருவம் முடியும்போது நுனிப்பகுதி பருத்துக் கிழங்காகிவிடும்.

அல்லி வேறு மாதிரி. பூ மூன்று நான்கு நாள் திறந்து மூடியதும் காம்பு சுருண்டு பூவைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். காய் தண்ணீருக்கு அடியில் முற்றி, வெடித்து, நூற்றுக்கணக்கான பொடி விதைகளை வெளியே விடும். ஒவ்வொரு விதையையும் காற்றடைத்த மெல்லிய சவ்வு ஒன்று சுற்றியிருக்கும். அந்தச் சவ்வு இருக்கும்வரை விதை மிதந்து காற்று தள்ளும் பக்கம் போகும். சவ்வு கரைந்ததும் மூழ்கிவிடும். இந்த மிதக்கும் நேரம் மிகக் குறைவு. நீங்கள் பார்க்காத ஒரு காலையில் காய் வெடித்துவிட்டால் விதை போனதுதான்.

மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் வாலிஸ்னேரியாவை ஒருமுறையாவது பூக்கவிட்டுப் பாருங்கள். ஆண் பூக்கள் அடியிலிருந்து கழன்று மேலே வந்து தண்ணீரின் மேல் மிதந்து போகும். நீண்ட காம்பில் மேலே வந்து காத்திருக்கும் பெண் பூவைத் தொட்டால் மகரந்தம் சேரும். அப்புறம் அந்தக் காம்பு சுருள் சுருளாகி, காயை அடிக்குக் கொண்டுபோய்விடும். நான் பார்த்த நீர்ச்செடிகளிலேயே இதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

சம்புக் கோரை காற்றில் பறக்கும் பஞ்சு விதையால் பரவும். மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் சம்பு வைத்தால் பக்கத்துத் தொட்டிகளிலும் முளைத்திருக்கும். அழகுக்காக அதைத் தாமரையோடு சேர்த்து வைக்காதீர்கள்.

2. மாதம் பார்த்துத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். வெயில் ஏறத் தொடங்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் தாமரை விதை சில நாட்களிலேயே பச்சை காட்டிவிடும். மாசியில் முளைத்த நாற்று, ஆடிக் காற்று வருவதற்குள் தண்டு ஓடி நிலைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொட்டியை நிரப்பி வழியவிடும். வழியும் தண்ணீரோடு பொடி நாற்றுகளும் போய்விடும். மேகமூட்டத்தில் வளர்ச்சியும் நின்றுவிடும். விதையை வேண்டுமானால் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம், தாமரை விதை காத்திருக்கும்.

பூவை எப்போது எதிர்பார்க்கலாம்? விதையிலிருந்து வரும் தாமரை முதல் வருடம் பூக்காமலே போகலாம். அடுத்த வருடம் பூத்தாலும் நல்லதுதான். இந்தக் கோடையிலேயே பூ வேண்டும் என்றால் கிழங்கு வாங்குங்கள். அல்லி இன்னும் வேகம். எல்லாம் சரியாக நடந்தால் விதைத்த அரை வருடத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பூத்துவிடும்.

3. விதை எங்கே கிடைக்கும், எங்கே ஏமாறுவீர்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

நாட்டு மருந்துக் கடைகளில் தாமரை விதை என்று கேட்டால் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ, கெட்டி ஓட்டோடு கொடுப்பார்கள். முளைக்க வைக்க அதுதான் சரியான பொருள், விலையும் குறைவு. 50 ரூபாய்க்குள் தேவைக்கு மேலேயே கிடைக்கும். வறுத்ததா, வேகவைத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கென்று சூடேற்றிய விதைக்கு உயிர் இருக்காது.

பூஜைக் கடைகளில் விற்கும் தாமரை மணி மாலையும் தாமரை விதைதான். ஆனால் கோப்பதற்காக நடுவில் துளை போட்டிருப்பார்கள். உள்ளிருக்கும் முளையே துளைபட்டுப் போயிருக்கும். அதை வாங்கி ஊறவைத்தால் இரண்டு நாளில் நாறும்.

மளிகைக் கடையில் தாமரை விதை என்று சொல்லி விற்கும் வெள்ளைப் பொரி மக்கானா. அது தாமரையே இல்லை. பீகார் பக்கம் குளங்களில் விளையும், முள் நிறைந்த இலை கொண்ட வேறொரு நீர்ச்செடியின் விதையை வறுத்துப் பொரித்தது. தோல் நீக்கிய வெண்ணிறத் தாமரைப் பருப்பும் சில பெரிய கடைகளில் உண்டு. அதுவும் சமையலுக்குத்தான். ஓடு போய், பல சமயம் நடுவிலிருக்கும் பச்சை முளையையும் எடுத்திருப்பார்கள், கசக்கும் என்பதால்.

அடுத்தது இணையத்தில் விற்கும் நீலத்தாமரை, கருந்தாமரை, வானவில் தாமரை. படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உலகத்தில் தாமரை இரண்டே இனம்தான். நம்முடையது இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் பூக்கும். அமெரிக்காவில் இருப்பது மஞ்சளில் பூக்கும். இரண்டையும் கலந்து உண்டாக்கிய ரகங்கள் ஏராளம், ஆனால் நீலம் கிடையாது. நீலம் அல்லியில்தான் உண்டு. இலங்கையின் தேசிய மலராக இருப்பதும் அந்த நீல அல்லிதான். ஒரு விற்பனையாளர் எனக்கு நீலத்தாமரை என்று அனுப்பிய பொட்டலத்தில் இருந்தது சாதாரணத் தாமரை விதை. முளைக்கும், வளரும், இளஞ்சிவப்பாகப் பூக்கும். நீலத்துக்காகக் கொடுத்த கூடுதல் விலை போனது போனதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி: ரகத்தின் பெயர் சொல்லி விதை விற்பது. கலப்பு ரகத் தாமரையின் விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நிறம், இதழ் எண்ணிக்கை, உயரம் எல்லாமே மாறலாம். குறிப்பிட்ட ரகம்தான் வேண்டும் என்றால் கிழங்குதான் வழி. கிழங்கு தாயின் துண்டு, அதனால் மாறாது.

இருப்பதிலேயே நல்ல வழி, பக்கத்தில் தாமரைக் குளம் இருந்தால் பூப் பறிப்பவரிடமே கேட்பது. பறிக்காமல் விட்டு முற்றிய பொகுட்டு ஒன்று போதும். அதில் பத்து இருபது விதை இருக்கும். அல்லிக்கும் அப்படித்தான். தண்ணீர் வற்றிய ஏரி, குட்டைகளில் அல்லிக் கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும். அந்தச் சேற்றில் விதையும் கலந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

4. அனுமதி, ரசீது, மற்ற காகிதங்கள்

சொந்த வீட்டில் தொட்டியில் தாமரையோ அல்லியோ வளர்க்க எந்த அனுமதியும் வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பொது மொட்டைமாடியில் வைப்பதற்கு முன் சங்கத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதும் என்று வைத்தால், அடுத்த மாடி ஒழுக்குக்கு உங்கள் தொட்டியைத்தான் காரணம் சொல்வார்கள். கடிதத்தில் தொட்டியின் எண்ணிக்கை, அளவு, நிரப்பியபின் எடை, கொசு வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்ற நான்கும் இருக்கட்டும்.

குளத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றால் அந்தக் குளம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். பஞ்சாயத்துக் குளமாக இருக்கலாம், கோயில் குளமாக இருக்கலாம், நீர்வளத் துறையின் ஏரியாக இருக்கலாம். தாமரை உள்ள குளங்களைப் பெரும்பாலும் பூவுக்கோ மீனுக்கோ குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைதாரரைக் கேட்காமல் ஒரு பொகுட்டு எடுத்தாலும் அது திருட்டு என்றுதான் ஆகும். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதிகமாக எடுப்பதாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் எதையும் தொடக் கூடாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து அனுமதியில்லாமல் செடியை எடுப்பதும் குற்றம்.

வெளிநாட்டிலிருந்து விதையோ கிழங்கோ வரவழைக்க நினைத்தால், 2003 ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை பொருந்தும். இந்தியாவில் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டிலிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 'சின்னப் பொட்டலம்தானே, யாரும் பார்க்கமாட்டார்கள்' என்று விற்பவர் சொல்வார். சுங்கத்தில் பிடித்தால் நஷ்டம் உங்களுக்கு. ஒரு வீட்டுத் தொட்டிக்கு இத்தனை பாடு தேவையே இல்லை, உள்நாட்டிலேயே நல்ல கிழங்கு விற்கும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்.

உள்நாட்டில் இணையத்தில் வாங்கினால் ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், பேசிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள். கிழங்கு அழுகி வந்தாலோ நுனி முறிந்து வந்தாலோ, வீடியோ இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. தொட்டியும் மண்ணும்

வட்டத் தொட்டி வாங்குங்கள், அடியில் துளை இருக்கக் கூடாது. ஓடும் தண்டின் நுனி, தொட்டிச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டே போகும். மூலை இருந்தால் அங்கே முட்டி நின்று, சில சமயம் அழுகும். விதைத் தாமரைக்கு 60 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் இருந்தால் நல்லது. நம் நாட்டுக் குளத்துத் தாமரை பெரிய செடி, அதைச் சின்னச் சட்டியில் வைத்தால் இலையோடு நின்றுவிடும். சட்டித் தாமரை என்று விற்கும் குள்ள ரகங்களுக்கு 40 செ.மீ. அகலம் போதும். அல்லிக்கும் அதே அளவு போதும்.

எடையைக் கணக்குப் போடுங்கள். 60 செ.மீ. தொட்டியில் 15 செ.மீ. மண்ணும் மேலே 20 செ.மீ. தண்ணீரும் நிரப்பினால் 120 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல் அடியில் சுவரோ உத்திரமோ வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடமா என்பதையும் நிரப்பும் முன்பே பாருங்கள். வெயில் இல்லாத இடத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் தாமரை பூக்காது.

மண் களிமண்ணாக இருக்க வேண்டும். ஏரி வண்டலோ வயல் மண்ணோ கிடைத்தால் அதுவே போதும். நர்சரியில் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் வேண்டாம், எல்லாம் மேலே மிதக்கும். தொழுவுரம், மண்புழு உரம் அதிகம் போட்டால் தண்ணீருக்கடியில் அழுகி, நாறி, இளம் வேரைக் கொன்றுவிடும்.

செலவு, நான் விசாரித்த வரையில்: தொட்டி 400 முதல் 800 ரூபாய், மண்ணுக்கு ஏற்றுக்கூலியோடு 100, 200. விதைக்கு நாட்டு மருந்துக் கடை விலைதான். கிழங்கு என்றால் சாதாரண ரகம் 150, 200 ரூபாயில் தொடங்கும், புது ரகங்கள் ஆயிரத்தையும் தாண்டும். முதல் தொட்டிக்கே விலையுயர்ந்த ரகம் வாங்காதீர்கள்.

6. தாமரை விதையைத் தேய்ப்பதும் ஊறவைப்பதும்

விதையைத் தண்ணீரில் போடுங்கள். மூழ்குவதை வைத்துக்கொள்ளுங்கள், மிதப்பதை ஒதுக்குங்கள். மிதப்பதில் பெரும்பாலும் உள்ளே பருப்பு இருக்காது.

விதையின் ஒரு முனை சின்னக் கூர் போல இருக்கும், மறுமுனையில் சிறு குழி. குழி இருக்கும் முனையைத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளோ அரமோ போதும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் தேய்த்தாலும் வரும், நேரம் ஆகும். முதலில் கருப்பு ஓடு போகும், அடுத்து பழுப்பு அடுக்கு தெரியும், அதன்பின் வெண்மஞ்சள் நிறம் ஒரு புள்ளியாகத் தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு காயம்பட்டு அழுகும். சுத்தியலால் உடைப்பது, இரவு முழுக்க வெந்நீரில் போடுவது போன்ற குறுக்கு வழிகள் வேண்டாம். வெந்நீர் ஓட்டைத் திறக்காது. ஓடு திறந்தபின் கொதிநீர் பட்டால் முளை வெந்துவிடும்.

தேய்த்த விதையை ஒரு கண்ணாடிக் குவளையில், 10 செ.மீ. தண்ணீரில் போட்டு வெளிச்சமான இடத்தில் வையுங்கள். ஒரு நாளில் விதை ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பும். உப்பவில்லை என்றால் தேய்த்தது போதவில்லை, எடுத்து இன்னும் கொஞ்சம் தேயுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் நல்லது.

நான்கைந்து நாளில் பச்சை முளை வெளியே வரும். சிலது ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும். தண்ணீர் கலங்கி, விதை வழவழப்பாகி நாறினால் அந்த விதையை உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும்.

இந்தக் கட்டத்தில் பலர் பயந்துவிடுவார்கள்: இலை வருகிறது, வேரைக் காணோமே! தாமரையில் மற்ற விதைகளைப் போல முதலில் வேர் இறங்காது. முதலில் சுருட்டிய இலைகள் நீளும். இரண்டு மூன்று இலைகள் தண்ணீர் மேல் விரிந்த பிறகுதான் கணுவிலிருந்து வேர் கிளம்பும். அதுவரை விதைக்குள் இருக்கும் பருப்பே உணவு. எனவே விதையைக் கிள்ளி எறியாதீர்கள், உரமும் போடாதீர்கள்.

7. நாற்றை மண்ணுக்கு மாற்றுவது

வெள்ளை வேர்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் மாற்றலாம். நேராகப் பெரிய தொட்டியில் வைக்கலாம், அல்லது முதலில் ஒரு சின்ன டப்பாவில் மண் போட்டு வளர்த்து மாற்றலாம். நான் டப்பா வழியைத்தான் சொல்வேன். பாசியும் நத்தையும் பெரிய தொட்டியில் பொடி நாற்றை விட்டுவைக்காது, டப்பாவில் கண்காணிப்பது சுலபம்.

மண்ணில் விரலால் சின்னப் பள்ளம் எடுத்து, விதையோடு சேர்த்து வேர்ப்பகுதியை வைத்து, மெல்ல மண் தள்ளுங்கள். இலைக்காம்பு மடங்கக் கூடாது, மிக எளிதில் முறியும். விதை மேலே மிதந்து வந்தால் ஒரு கூழாங்கல்லை ஓரமாக வைத்து அழுத்துங்கள். தண்ணீர் மண்ணுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. போதும். இலைகள் தண்ணீர் மேல் படர வேண்டும், மூழ்கக் கூடாது. செடி வளர வளரத் தண்ணீரை 20 செ.மீ. வரை ஏற்றலாம்.

முதலில் வருபவை எல்லாம் மிதக்கும் இலைகள். பிறகு ஒரு நாள் தண்ணீரைவிட்டு எழுந்து நிற்கும் இலை வரும். செடி நிலைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி மூன்று நான்கு இலை நின்ற பிறகு உரம் கொடுங்கள். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து, செய்தித்தாளில் மடித்து, ஓரத்தில் மண்ணுக்குள் ஆழமாக அழுத்துங்கள். மாதம் ஒருமுறை போதும். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் தீனி.

அசுவினிப் பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். எண்ணெய்க் கரைசல் தாமரை இலையைக் கருக்கிவிடும். காய்ந்த இலையை வெட்டும்போது தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள். காம்பு உள்ளே குழாயாக இருப்பதால் கீழே வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கித் தண்டு அழுகலாம்.

கொசுவுக்கு முண்டக்கண்ணி போன்ற நாட்டு மீன் நான்கைந்து விடுங்கள். நாற்றுப் பருவத்தில் மீன் வேண்டாம். டப்பாவைக் கொசுவலைத் துணியால் மூடிவிடுங்கள்.

8. அல்லி விதை

பூ மூடி, காம்பு கீழே இறங்கத் தொடங்கியதும் காயின் மேல் ஒரு மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். காய் முற்ற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பையைக் கட்டாமல் தினமும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. வெடிப்பதும் சிதறுவதும் அத்தனை வேகம்.

பையோடு எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். சவ்வோடு மிதக்கும் விதைகள் ஒன்றிரண்டு நாளில் அடியில் படியும். மேலே மிதக்கும் கசடைக் கொட்டிவிட்டு விதையை எடுங்கள். உடனே விதைப்பதுதான் எனக்கு நம்பிக்கையான வழி. தள்ளிப்போட வேண்டியிருந்தால் ஒரு சின்னப் புட்டியில் தண்ணீரோடு, வெளிச்சம் படாமல் வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

அகலமான தட்டில் சலித்த களிமண் பரப்பி, அதன்மேல் விதையைத் தூவி, மேலே மிக மெல்லிசாக மணல் போட்டு, 2 அல்லது 3 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி மெதுவாக ஊற்றுங்கள். வெயில் படட்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நூல் போன்ற இலைகள் வரும். அவை தண்ணீருக்குள்ளேயே இருப்பவை. மிதக்கும் வட்ட இலை வரும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாகச் சின்ன டப்பாக்களுக்கு மாற்றுங்கள். நூலிழைப் பாசி இந்த நாற்றுகளைச் சுற்றி நெரித்துவிடும். வாரம் இருமுறை குச்சியால் சுருட்டி எடுங்கள்.

நர்சரியில் வாங்கிய கலப்பு ரக அல்லிகள் பல, விதையே வைக்காது. பை கட்டிக் காத்திருந்து பூ அழுகியதுதான் மிச்சம் என்றால் செடியைக் குற்றம் சொல்லாதீர்கள். சில ரகங்கள் அதற்குப் பதில் இலையிலேயே கன்று போடும். இலையும் காம்பும் சேரும் இடத்தில் சிறு முடிச்சு தோன்றி, அதிலிருந்து குட்டி இலைகள் கிளம்பும். அந்த இலையை வெட்டி, முடிச்சு மண்ணைத் தொடும்படி ஆழமில்லாத தண்ணீரில் வைத்தால் வேர் பிடித்துவிடும்.

9. கிழங்கு வாங்கினால்

நுனி மொட்டு முறியாமல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நுனி போன கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு கணு இருக்கட்டும். தொட்டி ஓரத்தில், நுனி நடுவை நோக்கியபடி, மண்ணுக்குள் சாய்வாகப் படுக்கவையுங்கள். பின்முனை மண்ணுக்கு வெளியே சற்று நீட்டியிருந்தால் நல்லது. வந்த அன்றே நடுங்கள். முடியாவிட்டால் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், காயவிடாதீர்கள்.

10. பூத்த பிறகு உங்கள் செடியிலேயே விதை எடுக்க

தாமரைப் பூவில் முதல் நாள் பெண் பகுதி தயாராக இருக்கும். பொகுட்டின் மேலிருக்கும் புள்ளிகள் ஈரமாக மினுமினுக்கும். மகரந்தம் அடுத்த நாள்தான் உதிரும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. இந்த நாட்களில் பூ தன்னையே சூடாக்கிக்கொள்ளும். வெளியே காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும் பூவுக்குள் 30 டிகிரிக்கு மேல் இருப்பதை அளந்திருக்கிறார்கள். மகரந்தம் கொண்டுவரும் வண்டுகளுக்கு அந்தக் கதகதப்பு பிடிக்கும்.

உங்களுக்கு இரண்டு பூ ஒரு நாள் இடைவெளியில் பூத்தால், இரண்டாம் நாள் பூவின் மகரந்தத்தைக் காலையில் ஒரு மெல்லிய தூரிகையில் எடுத்து, முதல் நாள் பூவின் ஈரப் புள்ளிகளில் தொட்டுவிடுங்கள். தேனீ நிறைய வரும் மாடி என்றால் இதுகூட வேண்டாம்.

விதை முற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பொகுட்டு பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் சத்தம் கேட்கும்போது, காம்பு வளைவதற்குள் வெட்டுங்கள். பச்சையாகப் பறித்தால் சாப்பிட நன்றாக இருக்கும், முளைக்காது. நிழலில் காயவைத்து, காகித உறையில் தேதி எழுதிப் போட்டால் போதும். தாமரைக்கு ஈரப்புட்டி வேண்டாம்.

11. வெளியே தப்பவிடக் கூடாதவை

வாங்கும் செடியோடு கேட்காத செடிகளும் வரும். இலைக்கடியில் ஒட்டிய பாசிச்செடி, நத்தை முட்டை, மிதக்கும் பொடி இலைகள். புதுச் செடி எதுவாக இருந்தாலும் நன்றாக அலசி, இரண்டு வாரம் தனி வாளியில் வைத்த பிறகு தொட்டியில் சேருங்கள்.

அழகாக இருக்கிறதென்று வெங்காயத்தாமரையை மட்டும் வளர்க்காதீர்கள். சில ஊர்களில் இதையே ஆகாயத்தாமரை என்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிய செடி அது. பக்கக் கொடியில் கன்று போட்டு, ஏற்ற சூழலில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகும். அது போதாதென்று பூத்து முடிந்ததும் பூங்காம்பு தண்ணீருக்குள் வளைந்து விதையைக் கொட்டும். அந்த விதை சேற்றில் 20 ஆண்டுவரை உயிரோடிருக்கும். மேலே மிதப்பதை அள்ளிய குளத்தில் மறுபடி மறுபடி முளைப்பது அதனால்தான். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சால்வினியா என்ற மிதவைப் பெரணியில் இந்த ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. பெரணி என்பதால் அதற்கு விதை கிடையாது, குளங்களை அடைக்கும் பெரிய வகையில் விதைக்குப் பதிலான வித்துத்தூளும் முளைக்காது. ஒரு கணு உள்ள துண்டு போதும், முழுக் குளமும் மூடிவிடும்.

தொட்டியில் அதிகமாகிவிட்ட செடிகளைச் சாக்கடையில் போடாதீர்கள், மழை வந்தால் அது ஏரிக்குத்தான் போகும். குளத்தில் நேராக விடுவது அதைவிட மோசம். மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாயில் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் போட்டு, அப்புறம் உரக்குழியில் சேருங்கள். பூவோ காயோ இருந்தால் அதைத் தனியாகக் கிள்ளி எரித்துவிடுங்கள். தொட்டித் தண்ணீர் மாற்றும்போது சல்லடை வழியாக ஊற்றுங்கள். வளர்த்த மீனையும் ஏரியில் விடாதீர்கள்.

ஊர்க் குளத்தில் தாமரை போட வேண்டும் என்று ஆசை வந்தால் பஞ்சாயத்திடமோ குளத்துக்கு உரியவரிடமோ கேட்டு, அந்த வட்டாரத்துக் குளத்திலிருந்தே எடுத்த விதையை மட்டும் போடுங்கள். இணையத்தில் வாங்கிய கலப்பு ரகம் வீட்டுத் தொட்டியோடு இருக்கட்டும். அல்லியை நண்பருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் வேரை அலசி, ஒட்டியிருக்கும் மிதவைச் செடிகளை எடுத்துவிட்டே கொடுங்கள்.